இடப்பக்கக் கதவு

வண்டியை எடுக்கும் முன் அவர் அதை ஒரு சுற்று சுற்றி வருவார். நான்கு டயரையும் செருப்புக் காலால் ஒரு தட்டு தட்டுவார். குனிந்து, அடியில் நாய் ஏதும் படுத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அக்கா ஏறி உட்கார்ந்து முந்தானையை உள்ளே இழுத்துக்கொண்டதும் கதவைச் சாத்துவார். சாத்திய கதவை ஒருமுறை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தன் பக்கம் வருவார்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மூன்று வருடம் நான் அவர்கள் வண்டியில் போய்வந்தேன். அக்கா சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் அதே பள்ளி அலுவலகத்தில் கிளார்க். அக்காவின் கணவரான அவருக்கும் சிதம்பரத்தில்தான் கடை, தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது. இருவரும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கிளம்பி வந்து என்னை முதுநகரில் ஏற்றிக்கொள்வார்கள். டீச்சரை நான் அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு மாமா ஆனார்.

பள்ளி வாசலில் தினமும் அவர் இறங்கி வந்து அக்காவுக்குக் கதவு திறந்துவிடுவதை எல்லா டீச்சரும் பார்ப்பார்கள். "எங்க வூட்டுக்காரரு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்ததில்ல. கணக்கு டீச்சருக்குப் பாரு யோகத்த, ராணி மாதிரி எறங்குறாங்க" என்பார்கள். அக்கா உதட்டை மட்டும் அசைத்துச் சிரிப்பார்.

எனக்கும் முதலில் அது அழகாகத்தான் இருந்தது. அவர் அப்படி ஒரு மனிதர். எதையும் முன்கூட்டி யோசிப்பார். ஆலப்பாக்கம் வரை வந்துவிட்டு, கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து வண்டியைத் திருப்பியிருக்கிறார். அப்படி இரண்டு தடவை நானும் அவர்களோடு தாமதமாகப் போய்த் தலைமையாசிரியையிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். டிக்கியில் எப்போதும் ஒரு கயிறு, டார்ச், இரண்டு குடை, முதலுதவிப் பெட்டி, ஒரு கேன் தண்ணீர் இருக்கும்.

"கப்பலுக்கா மாமா போறோம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நடந்தப்புறம் யோசிக்கறது யோசனை இல்லம்மா. அது ஒப்பாரி" என்றார்.

அவரிடம் மோட்டார் சரிபார்க்க வரும் விவசாயிகளுக்கு, மோட்டாரோடு சேர்த்து ஒரு துண்டுப் பலகையும் கொடுத்தனுப்புவார். மரக்கடையில் வீணாகக் கிடக்கும் பலகையை வாங்கி அவரே அறுத்து, ஓரம் தேய்த்து வைத்திருப்பார். "சுவிட்சு போடறப்ப இதும்மேல ஏறி நில்லு. ஈரக் கையோட தொடாத. உன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லு" என்பார். அந்தப் பலகையின் மேல் நின்று சுவிட்ச் போடுகிறவர்கள் புவனகிரிப் பக்கம் இன்றைக்கும் இருப்பார்கள்.

வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவார். பள்ளிக்கூட வம்பு முழுக்க அவருக்கு வேண்டும். ஆனால் பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்தால் பாதி வார்த்தையில் நிறுத்திவிடுவார். வண்டியின் வேகம் குறையும். ஜன்னல் கண்ணாடி ஏறும். பாலம் முடிந்து சிறிது தூரம் போன பிறகுதான் விட்ட வார்த்தையைத் தொடருவார். பாலத்தில் காற்று அதிகம், அதனால் கவனமாக ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் கலைந்தது ஒரு சித்திரை மாதத்துக் காலையில். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். எங்களுக்கு வலப்பக்கம் ஒரு பஸ் உரசுகிற மாதிரி வந்து நின்றுவிட்டது. முன்னால் இரண்டு லாரிக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன என்று பார்க்க மாமா சாவியை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கும் வண்டிக்கும் இடையில் உடம்பைச் சுருக்கி இறங்கிப் போனார். அன்று அக்காவுக்குக் காலையிலிருந்தே தலைசுற்றல். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு கதவின் உள்கைப்பிடியை இழுத்தார். அது இழுத்த இழுப்புக்கு வந்தது, கதவு திறக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். சாவி இல்லாததால் கண்ணாடியும் இறங்கவில்லை. நான் இறங்கி வெளியிலிருந்து திறந்துவிடலாம் என்று என் பக்கக் கதவை இழுத்தேன். அதுவும் திறக்கவில்லை. தினமும் மாமாவோ அக்காவோ வெளியிலிருந்து திறந்துவிட்டதால் அதுவரை எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்கப் பின்கதவில் ஒரு பூட்டு இருக்குமே, அதைப் போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் குழந்தை கிடையாது.

அக்கா தன் சாப்பாட்டுப் பையிலேயே வாந்தி எடுத்தார். பாதி புடவையில் விழுந்தது.

மாமா திரும்பி வந்தார். முகம் வெளுத்துவிட்டது. கதவைத் திறந்து, தன் தோள் துண்டை நனைத்து, அக்காவின் வாயைத் துடைத்து, புடவையைத் துடைத்து, மிதியடியை எடுத்துப்போய் ரோட்டோரத்தில் கேன் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல் செய்தார். அதனால் என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அந்தக் கைப்பிடியச் சரி பண்ணிடுங்க மாமா" என்று மட்டும் சொன்னேன்.

"பாக்கறேன்மா" என்றார்.

பார்க்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

கோடை விடுமுறை முடிந்த சமயம் என் கணவர் சவூதியிலிருந்து லீவில் வந்தார். அங்கே அவருக்கு டிரைவர் வேலை. என் கொழுந்தனின் பழைய காரிலும் இதே கோளாறு. வெளியிலிருந்து திறக்கும், உள்ளேயிருந்து திறக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அதைப் பிரித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு திருகாணி, கை வைக்கும் இடத்தின் அடியில் இரண்டு. அவற்றைக் கழற்றி, கதவின் உள்பக்கப் பலகையின் ஓரத்தை மெல்ல இழுத்தால் பட் பட்டென்று கொக்கிகள் விட்டு முழுப் பலகையும் கையோடு வந்துவிடுகிறது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள். அதை விலக்கினால், கைப்பிடியிலிருந்து பூட்டுக்கு ஒரு மெல்லிய கம்பி போகிறது. அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்நுனி அளவு கிளிப் உடைந்திருந்தது.

"இவ்வளவுதானா மச்சான்?"

"இவ்வளவுதான். இத ஒர்க்‌ஷாப்புல குடுத்தா ஒரு நாள் வண்டிய வச்சுக்குவானுவ" என்றார்.

கடையில் கிளிப் இரண்டாகத்தான் கொடுத்தார்கள். மிச்சம் இருந்ததைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய் மாமாவிடம் நீட்டினேன். "அரை மணி நேர வேலை மாமா. எங்க வூட்ல பண்ணிட்டோம். நான் வேணா ஞாயித்துக்கிழமை அவர அனுப்பறேன்."

அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நன்றி சொன்னார். அன்று சிதம்பரம் வரும்வரை பள்ளிக்கூட வம்பு எதையும் கேட்கவில்லை.

ஒரு வாரம் போனது. கதவு அப்படியே இருந்தது. எரிந்துபோன மோட்டாருக்கு மயிரிழைக் கம்பி சுற்றி உயிர் கொடுக்கிற மனிதருக்கு ஒரு கிளிப் மாட்டத் தெரியாதா? தெரியும். அப்படியானால் இது கோளாறு இல்லை. ஏற்பாடு. அன்றிலிருந்து அவர் கதவைத் திறந்துவிடும்போதெல்லாம் எனக்குச் சிறைக் காவலாளியைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஒருநாள் மதியம் குழாயடியில் சாப்பாட்டு டப்பா கழுவிக்கொண்டிருந்தோம். என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, உங்கள அவரு அடைச்சு வச்சிருக்காரு. நீங்களும் சும்மா இருக்கீங்க."

அக்கா குழாயை மூடினார். "நீ அந்தக் கிளிப்பக் குடுத்த அன்னிலேர்ந்து அவரு சரியாத் தூங்கல, தெரியுமா?"

"ஏன்?"

"நான்தான் உன்ன வாங்கியாரச் சொன்னேன்னு நெனச்சிட்டாரு."

எனக்கு விளங்கவில்லை. அக்கா ஈர டப்பாவை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர்களுக்கு ஒரே மகன் இருந்தான். கல்லூரியில் சேர்ந்த வருடம் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாளும் விடாததால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார் மாமா. மறுநாள் கொண்டுபோனபோது கைமீறிவிட்டிருந்தது.

"அந்த ஒரு நாளத்தான் அவரு இன்னும் சரி பண்ணிக்கிட்டே இருக்காரு" என்றார் அக்கா.

மகன் போன மூன்றாம் மாதம் இருவரும் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா பக்கத்துக் கதவு திறந்துவிட்டது.

"நான் தொறந்தேனா, கை தானாப் போச்சா, எனக்கே தெரியல. காத்து குபீர்னு உள்ள அடிச்சிது. அவரு ஒரு கையால என் தோளப் பிடிச்சு இழுத்துக்கிட்டே வண்டிய நிறுத்துனாரு. நீ என்னா பண்ணினன்னு ஒரு வார்த்த கேக்கல. இன்னி வரைக்கும் கேக்கல. மொதல்ல என்னைப் பின்னாடி உக்கார வச்சு அந்தப் பூட்டப் போட்டாரு. பின்னாடி தனியா உக்கார முடியலன்னு நான் முன்னாடி வந்துட்டேன். அந்த ஞாயித்துக்கிழமையே கதவப் பிரிச்சாரு. கைப்பிடி ஒடஞ்சிடுச்சு, சாமான் கெடைக்கலன்னாரு. சரின்னுட்டேன்."

"இது நடந்து?"

"ஆறு வருஷம் ஆவுது."

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இப்ப உங்களுக்கு அந்த நெனப்பு..."

"எனக்கு இல்லம்மா. டாக்டரப் பாத்தேன், மருந்து சாப்பிட்டேன், பசங்களுக்குப் பாடம் எடுத்தேன், அது என்னைய விட்டுப் போயிடுச்சு. அவருக்குத்தான் இருக்குது."

"அப்ப மாட்டச் சொல்லுங்கக்கா. இது பாசம் இல்ல."

"பாசம்னு நானும் சொல்லல. பயம். ஆனா மாட்டுங்கன்னு நான் எப்பிடிச் சொல்றது? சொன்னா, மறுபடியும் எறங்கப் போறாளோன்னு நெனப்பாரு. அந்தக் கதவப் பத்தி நான் வாயே தொறக்க முடியாது. புரியுதா?"

மணி அடித்தது. அக்கா டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

அதன்பிறகு பாலம் வரும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் உட்கார்ந்திருக்கும் இருவரின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்மேல் கோபம் போகவில்லை. ஆனால் அதோடு வேறு ஏதேதோ வந்து கலந்துவிட்டது.

ஐப்பசி முடிகிற சமயம் விடாமல் நான்கு நாள் மழை. ஐந்தாம் நாள் பள்ளியை மதியத்தோடு விட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது புதுச்சத்திரம் தாண்டி ஓரிடத்தில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா தள்ளியே வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்து, வழக்கம்போல் சாவியை எடுத்துக்கொண்டார்.

"ஆழம் பாத்துட்டு வரேன். நீங்க வண்டியிலயே இருங்க."

மடக்கிய குடையைத் தண்ணீரில் ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டு போனார். முட்டிக்குக் கீழேதான் இருந்தது. அப்போது எதிரில் ஒரு லாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அலைக்கு ஒதுங்கி ஓரத்துக்குப் போனவர், அங்கே மதகின் கட்டைச்சுவர் இடிந்து பள்ளமாகியிருந்தது தெரியாமல் கால் வைத்துவிட்டார். எங்கள் கண்ணெதிரே ஆள் காணாமல் போனார். குடை மட்டும் மிதந்தது.

அக்கா கைப்பிடியை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். "என்னங்க, என்னங்க" என்று கத்திக்கொண்டு கண்ணாடியைக் கையால் குத்தினார். நான் என் கதவை இழுத்தேன். "யா அல்லாஹ்" என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வரவில்லை. எங்கள் மூச்சில் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை.

"அந்தப் பக்கம் போங்கக்கா! அவரு சீட்டுப் பக்கம்!"

அக்கா கியர்க் கம்பியைத் தாண்டி ஏறினார். புடவை ஹேண்ட் பிரேக்கில் மாட்டியது. முட்டி மடங்கவில்லை. புடவை கிழிகிற சத்தம் கேட்டது. தலைகுப்புற ஓட்டுநர் சீட்டில் விழுந்து, கதவைத் திறந்து, தண்ணீரில் ஓடினார். அவர் பின்னாலேயே நான் சீட்டுகளுக்கு நடுவே நுழைந்து வந்தேன். "கயிறு, டிக்கியில கயிறு" என்று அக்கா திரும்பிக் கத்தினார். ஓட்டுநர் சீட்டுக்குக் கீழிருந்த நெம்புகோலை இழுத்து டிக்கியைத் திறந்து கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தண்ணீர் அவரை ரோட்டுக்கு அடியில் போகும் மதகுக் குழாயின் வாய்க்கு இழுத்துக்கொண்டிருந்தது. கரையோரத்து வேலிக்காத்தான் முள்ளை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். லாரி டிரைவரும் பைக்கில் வந்த இருவரும் சேர்ந்து கயிறு போட்டு இழுத்தார்கள். நெற்றி கிழிந்திருந்தது. இடது தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கரையேறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வண்டியில தண்ணி ஏறிச்சா?"

அந்த நேரத்திலும் வண்டியைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, மூன்றாம் நாள் நான் கஞ்சி எடுத்துப் போனேன். அக்கா மருந்து வாங்க வெளியே போயிருந்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நீங்க வண்டியிலேர்ந்து வெளிய வர எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும் மாமா."

"ரெண்டு நிமிஷம்." பிறகு சொன்னார். "நான் முள்ளப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்ல, அப்ப வண்டியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். தண்ணி ஏறி வந்துக்கிட்டிருந்திச்சு. டயர் பாதிக்கு வந்திடுச்சு. இன்னும் ஏறி வண்டி பொரண்டா அவ எப்பிடி வெளிய வருவா? நானே இல்ல, சாவி என் பையில இருக்குது. எல்லாத்தையும் யோசிச்சேன்மா. இத நான் யோசிக்கவே இல்ல."

அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். துடைத்துக்கொள்ள முடியாமல் ஒரு கை கட்டுக்குள் இருந்தது. இன்னொரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான்தான் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்தார். "கொஞ்சம் வந்துட்டுப் போறியா? அவரு கதவப் பிரிக்கறாரு."

நான் போனபோது வாசலில் வண்டியின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கை கழுத்தில் கட்டிய தூளியில். வலது கையால் திருகாணிகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டிருந்தார். பலகையை இழுக்க ஒரு கை போதாது. நானும் அக்காவும் ஆளுக்கொரு ஓரம் பிடித்து இழுத்தோம். பிளாஸ்டிக் தாளை விலக்கி, உள்ளே செல்போன் வெளிச்சம் காட்டினேன்.

எதுவும் உடைந்திருக்கவில்லை. கிளிப்பிலிருந்து கம்பியைக் கழற்றி, அது ஆடிச் சத்தம் போடாமல் இருக்கக் கறுப்பு டேப் சுற்றி ஓரமாகக் கட்டியிருந்தார். மோட்டாருக்குச் சுற்றுவது போலவே, ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல், அவ்வளவு சுத்தமான சுற்று.

பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. "ஒத்தக் கையால இதப் பிரிக்க முடியல" என்றார்.

அக்கா கதவருகே தரையில் உட்கார்ந்து நகத்தால் டேப்பைப் பிரித்தார். ஆறு வருடத்தில் பசை இறுகிப்போயிருந்தது. பிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கம்பி வெளியே வந்தது. மாமா அதை வலது கையால் கிளிப்புக்கு நேராகப் பிடித்தார். அழுத்தவில்லை.

"மாட்டிடவா?" என்றார்.

அது கம்பியைப் பற்றிய கேள்வி இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது. ஆறு வருடமாகக் கேட்காத கேள்வியை அவர் அன்றுதான் கேட்டார்.

அக்கா அவர் கையின் மேல் கை வைத்தார். "மாட்டுங்க. நான் எங்கயும் போவல."

கிளிப் டிக்கென்று விழுந்தது. பலகையை மாட்டுவதற்கு முன் உள்ளேயிருந்தும் வெளியிலிருந்தும் மாற்றி மாற்றி இருபது தடவையாவது திறந்து பார்த்தார். பின்கதவுகளின் பூட்டையும் எடுத்துவிட்டார்.

தோள் குணமாகி அவர் மறுபடியும் வண்டி ஓட்டத் தொடங்கியது பொங்கல் கழிந்துதான். முதல் நாள் என்னை முதுநகரில் ஏற்றும்போதே அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பாலம் வந்தது. ரோட்டையும் இடப்பக்கக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா மடியிலிருந்த பையின் மேல் இரண்டு கைகளையும் எடுத்து வைத்துக்கொண்டார், அவர் கண்ணில் படும்படி. பாலம் முடியும்வரை அந்தக் கைகள் அசையவில்லை.

பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்தது. இறங்கி, அவர் பார்வையிலேயே இருக்கும்படி வண்டியின் முன்பக்கமாக மெதுவாகச் சுற்றி வந்து அவர் ஜன்னல் ஓரம் நின்றார்.

"எறங்கிட்டேன். பாத்தீங்கல்ல?"

அவர் தலையாட்டினார்.

"நாலரைக்கு வாங்க. இங்கயே நிக்கிறேன்."

அதற்கும் தலையாட்டினார். நாங்கள் உள்ளே போனோம். இறைவணக்கம் முடிந்து, முதல் மணி அடித்தது. அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. வாட்ச்மேன் போய் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அப்போதும் போகவில்லை. எதிர்க்கட்டட மாடியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அக்கா, சாக்பீஸ் கையோடு வராந்தாவுக்கு வந்து, வாசலிலிருந்த அவருக்குத் தெரியும்படி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது.